காற்புள்ளியும் கருத்துத் தெளிவும்

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலக் காற்புள்ளிக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் நம் மாணவர்கள் தாம் எழுதிய ஆங்கில விண்ணப்பங்களைத் திருத்தித் தருமாறு நம்மிடமும் கொண்டுவருகின்றனர். அவற்றை நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. சொல் தெரிந்திருக்கின்றது, எழுத்துப் பிழையும் குறைவு, காற்புள்ளியே இடம் மாறி நிற்கின்றது.

'மூச்சு நிற்கும் இடத்தில் காற்புள்ளி இடுக' என்பதே அவர்கள் அறிந்த ஒரே விதி. அது வாய்விட்டுப் படிப்பவர்க்கு உதவலாம், எழுதுபவர்க்குப் போதாது. இன்றைய ஆங்கில உரைநடையில் காற்புள்ளி மூச்சின் குறி அன்று, பொருளின் குறி.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நிகழ்ந்த வழக்கொன்று இதற்குச் சான்று. உணவுப் பொருள் தொடர்பான சில பணிகளுக்குக் கூடுதல் நேர ஊதிய விகிதம் பொருந்தாது என்றது அம்மாநிலச் சட்டம். அப்பணிகளின் வரிசை, 'அனுப்புவதற்காகவோ வினியோகத்திற்காகவோ பொதிதல்' என்றும், 'அனுப்புவதற்காகப் பொதிதல், அல்லது வினியோகித்தல்' என்றும் இருவகையாகப் பொருள்படுமாறு முடிந்தது. 'அல்லது' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முன் காற்புள்ளி இல்லாமையே ஐயத்திற்கு இடம் தந்தது. ஓக்கர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஊர்தி ஓட்டுநர்கள் வினியோகம் செய்தவர்களேயன்றிப் பொதிந்தவர்கள் அல்லர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தெளிவற்ற அவ்வாசகத்தைத் தொழிலாளர்க்குச் சார்பாகவே கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2018இல் 50 இலட்சம் டாலர் தர நிறுவனம் உடன்பட்டது. சட்ட வாசகமும் அரைப்புள்ளிகள் இடப்பெற்றுத் திருத்தப்பட்டது. உழைத்தவர் கூலி ஒரு புள்ளியைப் பற்றி நின்றது!

'பொதிதலும் வினியோகித்தலும்' எனத் தமிழில் எழுதியிருப்பின் இவ்விடர் எழுந்திராது. எண்ணும்மை ஒவ்வொரு சொல்லோடும் ஒட்டி நின்று அதனைத் தனித்துக் காட்டும். நம் மொழியில் உருபு ஆற்றும் பணியை அங்கே புள்ளி ஆற்றுகின்றது.

நம் மாணவர் இடறும் இடங்கள் வேறு இரண்டு உள. 'உழைத்த மாணவர் வென்றனர்' என்கிறோம். உழைத்தவர் மட்டுமே வென்றனரா, மாணவர் அனைவரும் உழைத்து வென்றனரா? நம் பெயரெச்சம் இரண்டிற்கும் இடந்தரும். ஆங்கிலத்தில் 'தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ வொர்க்ட் ஹார்ட் பாஸ்ட்' என்று காற்புள்ளியின்றி எழுதினால் உழைத்தவர் மட்டுமே தேறினர் என்றாகும். 'ஹூ வொர்க்ட் ஹார்ட்' என்பதன் இருபுறமும் காற்புள்ளி இட்டால் அனைவரும் உழைத்தனர், அனைவரும் தேறினர் என்றாகும்.

இரண்டாவது, வினையெச்சம். 'வந்து, கண்டு, சென்றான்' என எச்சங்களை அடுக்கிய பழக்கத்தால், இரண்டு முற்றுத் தொடர்களையும் வெறும் காற்புள்ளியால் இணைத்து எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் அது பிழை. அவற்றிடையே இணைப்புச் சொல்லோ, அரைப்புள்ளியோ, முற்றுப்புள்ளியோ வேண்டும்.

இவற்றை விளக்க ஆங்கில இலக்கணம் மட்டும் போதாது. உம்மையும் எச்சமும் முற்றும் அறிந்தவரும் உடன் வேண்டும். எனவே, முதலாண்டு வகுப்பில் சில மணி நேரமேனும் இரு துறையினரும் இணைந்து இதனைக் கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்து. தாய்மொழியின் தொடரமைப்பை உணர்ந்தவனே பிறமொழித் தொடரையும் பிழையற அமைப்பான். தமிழ் இலக்கணம் வேலைக்கு உதவாது என்று எண்ணும் மாணவச் செல்வங்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக!