ஏரி மீனையும் சோதிக்க வேண்டும்

2001 மார்ச். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் உடைந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்தது. அதில் பாதரசம் இருந்தது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வெளியேறிய கழிவு அது. ஊரார் கொதித்தெழுந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது.

ஆலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. தேவையான சர்ச்சைதான். ஆனால் ஆலைக்குள் கால் வைக்காதவர் உடம்புக்கும் பாதரசம் வந்து சேர ஒரு வழி உண்டு: மீன்.

ஏரிக்கு அடித்துவரப்பட்ட பாதரசம் சேற்றில் படிகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி, பூச்சி, சிறு மீன் என்று ஏறி, கடைசியில் விரால் போன்ற பெரிய மீனில் அது பல மடங்காகச் சேர்ந்துவிடுகிறது. கொழுப்பில் தங்கும் நஞ்சாக இருந்தால் தோலையும் கொழுப்பையும் நீக்கி ஓரளவு குறைக்கலாம். மெத்தில் பாதரசமோ சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனை முறை அலசினாலும், குழம்பாகக் கொதிக்க வைத்தாலும், மொறுமொறுவென்று வறுத்தாலும் போகாது. மீனின் நிறமோ வாசனையோ ருசியோ அதைக் காட்டிக்கொடுக்காது. கர்ப்பிணி சாப்பிட்டால் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையை எட்டும்.

பாதரசம் கலந்த மீனால் வந்த நோய்க்குப் பெயர்போன ஜப்பானின் மினமாட்டா கடலோர ஊர். ஆனால் 1965-இல் நீகாட்டாவில் அதே நோய் வெளிப்பட்டது அகானோ என்னும் ஆற்றங்கரையில். ஷோவா டெங்கோ ஆலையின் கழிவு கலந்த ஆற்றில் பிடித்த மீனை நிறையச் சாப்பிட்டவர்களே அங்கே நோயாளிகள். நன்னீர் மீன் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2006-இலேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். ஆலையிலிருந்து தொலைவில் உள்ள பேரிஜம் ஏரியின் சேற்றிலும் அவர்கள் அதைக் கண்டார்கள். அந்த எச்சரிக்கையை ஓர் ஆய்வுக் கட்டுரையோடு விட்டுவிட்டது பெரும் தவறு.

அமெரிக்க மாநிலங்கள் எந்த ஏரியில், எந்த மீனை, மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம், கர்ப்பிணிகளுக்கு எது கூடாது என்று அறிவிக்கின்றன. இங்கேயும் மீன்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து அதைச் செய்ய முடியும். கொடைக்கானல் ஏரி, பேரிஜம், ஆலைக்குக் கீழே பாம்பாறு ஆகியவற்றில் ஆண்டுதோறும் மீனின் சதையைச் சோதிக்க வேண்டும். சின்ன மீனை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. வயதான, பிற மீன்களைத் தின்னும் மீன்களையும் எடுக்க வேண்டும். முடிவைக் கோப்பில் பூட்டாமல், கரையிலும் மீன் சந்தையிலும் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். செலவை, மாசுபடுத்திய நிறுவனத்திடமே வசூலிக்கலாம்.