சுங்கமும் தமிழாசிரியரும்

பட்டினப்பாலையைக் கற்பிக்கும்போது, காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டப் பொதிகளின்மீது புலிமுத்திரை பொறித்த சுங்கக் காவலரைப் பெருமிதத்தோடு விரித்துரைக்கின்றோம். அப்பாட்டில் வரும் காழகம் நம் கடாரமே என நச்சினார்க்கினியர் உரை கூறுவதைச் சொல்லிக் கெடா மாணவரை நெஞ்சு நிமிரச் செய்கின்றோம். கடாரம் வென்ற இராசேந்திரனின் மகள்வயிற்றுப் பேரனாகிய முதற் குலோத்துங்கன், ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர்பெற்றதையும் மறவாமல் சொல்கின்றோம். ஆயின், அம்மாணவரின் தாய், தோட்டத்து வீட்டு வாயிலில் பொட்டலத்தோடு வந்து நிற்பவரிடம், எதற்கென்று அறியாமலே பணத்தை எண்ணிக் கொடுக்கின்றாள். இம்முரண் நம்மை உறுத்த வேண்டாமா?

தீபாவளி நெருங்கினால் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டங்களுக்கும் இணையவழி வாங்கிய சேலைகள் தமிழகத்திலிருந்து வருகின்றன. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி, தன் தாயின் கைப்பேசிக்கு வந்த செய்தியைக் காட்டினாள். “பொட்டலம் சுங்கத்தில் தடைபட்டுள்ளது, உடனே பணம் செலுத்துக” என்றிருந்தது. அவர்கள் எப்பொருளையும் வாங்கியிருக்கவில்லை! அத்தாயோ பணம் அனுப்பிவிட்டிருந்தாள். அவள் இழந்தது இரண்டு நாள் கூலி.

சட்டம் அத்துணைக் கடினமானதன்று. 2024 சனவரி 1 முதல், அயல்நாட்டிலிருந்து இணையவழி வாங்கும், 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பன்னிரண்டு மாதங்களில் 5,00,000 வெள்ளிக்குமேல் இத்தகைய விற்பனை செய்வோர் பதிவு செய்துகொண்டு, விற்கும்போதே இவ்வரியைப் பெறவேண்டும். அஞ்சற் கட்டணத்துக்கும் காப்புறுதிக்கும் இவ்வரி இல்லை. சேலை 200 வெள்ளி, அஞ்சற் கட்டணம் 40 வெள்ளி எனின், வரி 20 வெள்ளியே, 24 அன்று. விற்றவர் பெற்றுவிட்ட வரியை வாயிலில் மீண்டும் கேட்பது முறையன்று. விலை 500 வெள்ளியைக் கடந்தால் இறக்குமதி வரிகளின் கணக்கு வேறு. அங்கே அஞ்சற் செலவும் காப்புறுதியும் மதிப்பில் சேரும். பொட்டலத்தை விடுவித்துத் தருவதற்குக் கூரியர் நிறுவனம் கேட்கும் கட்டணமோ அரசின் வரியன்று, அந்நிறுவனத்தின் கூலி.

நண்பர் சிலர் வரியையே பழிக்கின்றனர். நான் அதற்கு உடன்படேன். நம் ஊர்க் கடைக்காரரின் சரக்கு வரிக்கு உட்படும்போது, அயலூர் வணிகரின் சரக்கு மட்டும் தப்பிப்பது நீதியாகுமா? உல்கினை அரசின் பொருளாக வள்ளுவரே எண்ணினார். என் சினம் வரியின்மீதன்று. வரி இன்னது, கூலி இன்னது என்று பிரித்துக் காட்டாத சீட்டின்மீது. அதனை வாசிக்கக் கற்றுத்தராத நம்மீது.

“இது வணிகப் பாடம்; தமிழுக்கு இதனால் என்ன?” என்பர் வேறு சிலர். தாய்மொழியில் ஒரு பற்றுச்சீட்டை ஆராய்ந்து, “இத்தொகை எதற்கு?” என ஒரு கடிதம் எழுதத் தெரியாத மாணவன், தமிழில் எத்துணை மதிப்பெண் பெற்றுத்தான் என்ன பயன்? கடிதம் எழுதுதல் நம் பாடத்தில் உள்ளதே! சுற்றுலா சென்ற நண்பனுக்கே எத்தனை ஆண்டு எழுதச் செய்வோம்?

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த வாரம் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பற்றுச்சீட்டைக் கொணரட்டும். வரியையும் கூலியையும் வகுப்பில் பிரித்தெழுதட்டும். அன்று மாலை அதனைத் தம் தாயர்க்குப் படித்துக் காட்டட்டும். புலிமுத்திரையின் பெருமை அதன்பின் தானே விளங்கும்.