திரைக்குத் தாய்மொழி ஏது?

ஓசூர்த் தொழிலகங்களில் பொறிகளின் திரைகள் தமிழில் இருத்தல் வேண்டும் என்று கேட்டால், "கணினி ஆங்கிலம் ஈன்ற பிள்ளை; அஃது ஆங்கிலந்தான் பேசும்" என்று மறுமொழி வருகின்றது. சொல்பவர் ஆங்கிலேயர் அல்லர், தமிழரே! அக்கூற்று எத்துணைப் பொய் என்பதற்கு அக்கணினியின் பிறப்பு வரலாறே சான்று.

படமும் சாளரமும் சுட்டியும் கொண்ட கணினி ஒருவர் மூளையில் ஒருநாளில் முளைத்ததன்று. 1968 திசம்பரில் தக்ளசு எங்கல்பர்ட்டு என்பார், சான் பிரான்சிசுகோவில், சுட்டியை நகர்த்தித் திரையில் எழுத்தைத் திருத்திக் காட்டினார். அவ்வழியில் 1973இல் செராக்சு நிறுவனத்தின் ஆய்வகம் 'ஆல்ட்டோ' கணினியைப் படைத்தது. (தெருத்தோறும் படியெடுக்கும் கடைகளில் பெயர் தொங்குகின்றதே, அதே செராக்சுதான்! படியெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவரிடமே பிறர் படியெடுத்தனர்.) 1979இல் ஆப்பிளின் இசுட்டீவு சாப்சு அங்குச் சென்று கண்டார், அதற்கு ஈடாக ஆப்பிளின் பங்குகள் நூறாயிரத்தை வாங்கும் வாய்ப்பைச் செராக்சு பெற்றது. 1983இல் இலிசா, 1984இல் மெக்கின்டாசு. மைக்குரோசாப்ட்டு 1985இல் தன் சாளரத்தைத் திறந்தது. ஆப்பிள் 1988இல் வழக்கிட்டுத் தோற்றது. கொண்டும் கொடுத்தும் வளர்ந்த பொருளில் ஆங்கிலத்திற்குத் தனியுரிமை ஏது?

இன்னும் உற்று நோக்குக. ஆல்ட்டோவின் திரை 606க்கு 808 புள்ளிகள் கொண்டது. புள்ளி ஒளிரும், அல்லது அணையும்; அவ்வளவே. ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தும் அத்திரையில் புள்ளியால் இட்ட கோலந்தான். நம் ழகரமும் அவ்வாறே. முந்திய திரைகள் பலவற்றில் எழுத்து வடிவங்கள் பொறிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தன. புள்ளித்திரை அத்தடையைத் தகர்த்தது. அதனாலன்றோ 1990களில் சுவிட்சர்லாந்திலிருந்து கலியாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வரைந்து வழங்க முடிந்தது!

தமிழுக்கு இடர் செய்தது திரையன்று, எழுத்துப் பட்டியல். 1991இல் வந்த ஒருங்குறி, 1988இல் தில்லி வகுத்த பட்டியலைப் பின்பற்றித் தமிழை நாகரியின் அச்சில் வார்த்தது. மெய்யெழுத்துக்கு அதில் தனியிடம் இல்லை. அகரமேறிய உயிர்மெய்யின்மேல் புள்ளி வைத்தே மெய்யைப் பெற வேண்டும். தொல்காப்பியம் கற்றவன் நகைப்பான். இதைச் சீர்செய்ய எழுந்த அனைத்தெழுத்துக் குறியீட்டையும் 2010இல் தமிழ்நாட்டரசு ஏற்றது, பரவியதோ சிறிதே.

அக்குறையோடும் கைப்பேசிதோறும் தமிழ் ஒளிர்கின்றது. ஆப்பிளின் ஐபோன் உறைகளை ஓசூருக்கு அருகே டாட்டா ஆலையில் நம் பிள்ளைகளே செய்கின்றனர். தமிழ் காட்டும் கருவியைச் செய்யும் ஊரில், தகடழுத்தும் பொறி 'நிறுத்து' என்று தமிழில் சொல்லலாகாதா? சொன்னால் ஒருவன் விரல் தப்புமே!

எல்லைக்கு அப்பால் கருநாடகம் 2024இல் பெயர்ப்பலகையில் நூற்றுக்கு 60 பங்கு கன்னடம் என்று சட்டமே செய்தது. சிப்காட்டு நிலத்தை ஆலைக்கு அளிக்கும் தமிழ்நாட்டரசு, பொறித்திரையில் தமிழ் என்பதை அந்நில ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.