தொழிற்சாலைத் தீர்த்தம்

பூசாரி கொடுக்கும் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தால் பாவம் போகுமென்று நம்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கின்ற படித்த கனவான்கள், ஒரு முதலாளி தன் தொழிற்சாலைக் கழிவுநீரில் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினால் மட்டும் அதைப் பெரிய ருஜுவாக ஒப்புக்கொள்ளுகின்றார்கள். இவ்விரண்டு நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசமென்று கேட்கின்றோம்.

ஒரு சரக்கு தண்ணீரில் கலந்தால் அங்குள்ள ஜீவன்களுக்கு என்ன கேடு வரும் என்பதை அறிய முறையில்லாமலில்லை. தொட்டிகளில் அச்சரக்கை வெவ்வேறு அளவில் கலந்து மீன்களை விட்டு, 96 மணி நேரத்தில் எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றனவென்று குறித்துக்கொள்ளுகின்றார்கள். நீர்த்தெள்ளுப் பூச்சிக்கு 48 மணி, பாசிக்கு 72 மணி. இதில் மந்திரமொன்றுமில்லை. ஆனால் இதோடு நின்றாலும் மோசம் போவோம். உடனே கொல்லாத விஷமும் உண்டு. அது சிதையாமல் தங்குகின்றதா, உடலில் சேருகின்றதா என்றும் பார்த்தாக வேண்டும். மீதைல் பாதரசம் அத்தகையது. பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் போகப்போக அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். மீன் நீந்திக்கொண்டிருக்கும், அதைத் தின்றவன் விழுவான்.

ஜப்பானிலுள்ள மினமாட்டாவில் நடந்தது இதுதான். சிஸ்ஸோ கம்பெனி 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் சரக்கைச் செய்து, பாதரசக் கழிவைக் கடலில் விட்டு வந்தது. மீன் தின்ற பூனைகள் பித்துப்பிடித்தாற்போல் ஆடிச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் இழுத்தது, கண் மங்கியது. 1956 மே 1-ல் கம்பெனி ஆஸ்பத்திரியிலிருந்தே டாக்டர் ஹொசோகாவா இதைச் சர்க்காருக்குத் தெரிவித்தார். ஊராரோ தொற்றுநோயென்று பயந்து, நோய்ப்பட்ட செம்படவர் குடும்பங்களைத் தள்ளி வைத்தார்கள். (தள்ளி வைக்கும் புத்தி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்லபோலும்!)

1959-ல் அந்த டாக்டர் கழிவுநீரைப் பூனைத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார். அக்டோபரில் 400-ஆவது எண்ணிட்ட பூனைக்கு அதே நோய் கண்டது. கம்பெனி என்ன செய்தது? அந்த முடிவை வெளியே விடாமல் மூடி வைத்தது. டிசம்பரில் சுத்திகரிப்பு யந்திரமொன்றைத் திறந்து, அதன் தண்ணீரென்று சொல்லித் தலைவரே ஒரு டம்ளர் குடித்தார். அசிட்டால்டிஹைடுக் கழிவோ அப்போது அந்த யந்திரத்தின் வழியாக விடப்படவேயில்லை! 1968 வரையில் கழிவு கடலுக்குப் போயிற்று. நோயாளிகளென்று சர்க்கார் ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் 2,000-க்கு மேல். 1970-ல் டாக்டர் நோய்ப்படுக்கையிலிருந்து பூனைச் சேதியைச் சாட்சியம் சொன்னார். 1973-ல் கோர்ட்டார் கம்பெனியே பொறுப்பாளியென்று தீர்ப்பளித்தார்கள்.

நிற்க, இதை இங்கு எழுதக் காரணமுண்டு. இந்தியாவில் 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி, தொழிற்சாலையால் வரும் கேட்டை ஆராயும் அறிக்கையைத் தயாரிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் அத்தொழிற்சாலைக்காரரே. அதன் சுருக்கத்தை மட்டும் உள்ளூர்ப் பாஷையில் கொடுத்தால் போதும். வலை வீசுகிறவன் முழுவதையும் படிக்க வேண்டாமாம்! வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்கக்கூடாதென்ற நியாயத்திற்கு இது எவ்வளவு தூரம்?

ஆதலால், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திற்குப் போகும் தோழர்கள் காப்பியையும் வடையையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், எந்தச் சரக்கு, எந்த மீனில், எத்தனை நாள் சோதித்தீர்கள், உடலில் சேருகின்றதா என்று பார்த்தீர்களா, சோதித்தவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது என்று கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வரவேண்டுகின்றோம்.