எது கெட்ட வார்த்தை?

ரயிலில் நண்பர்களோடு நாங்கள் பேசிக்கொண்டு வருவதைச் சபையின் அங்கிள் ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அடுத்த ஞாயிறு அம்மா அப்பாவின் காதுக்குச் செய்தி வந்துவிடும்: "பிள்ளைகள் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை!" மறுக்க மாட்டோம். பள்ளியிலும் வேலையிடத்திலும் அந்தச் சொற்கள் சர்வசாதாரணம்.

இந்த நாடே அப்படித்தான் மாறியிருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரமே 'ப்ளடி ஹெல்' என்று சொல்லி உலகத்தை அழைத்தது. பிரிட்டன் தொலைக்காட்சியில் அதற்கு முதலில் தடை விழுந்தது.

ஆனால் சட்டம் இன்னும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் 660 டாலர் வரை அபராதம். இப்படிப்பட்ட சட்டங்களில் அதிகம் சிக்கியவர்கள் ஆதிக்குடி மக்கள். அவர்களுடைய காவல் மரணங்களை விசாரித்த அரச ஆணையம், வார்த்தைக்காகக் கைது செய்வது வழக்கமாகக் கூடாது என்று 1991-லேயே பரிந்துரைத்தது.

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் விளையாட்டு மைதானத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன இனவெறிப் பெயர்களை இன்று சொன்னால் வேலையே போகலாம். உடலைப் பற்றிய சொற்கள் லேசாகிவிட்டன. மனிதரைத் தாழ்த்தும் சொற்கள் கனமாகிவிட்டன.

நம் வீடுகளில்? 'சனியனே', 'மூதேவி' என்று பிள்ளையைத் திட்டினால் யாரும் அதைக் கெட்ட வார்த்தை என்பதில்லை. சாதிப் பெயர்களையே வசையாக்கி வைத்திருக்கிறோம். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும் 'பரையா' எங்கிருந்து போனது? நம் தமிழிலிருந்து. ஆங்கிலத்துக்கு நாம் கட்டுமரத்தைக் கொடுத்தோம், மிளகுத்தண்ணியைக் கொடுத்தோம், இதையும் கொடுத்தோம்.

யாக்கோபு தன் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் நாவைப் பற்றி எழுதுகிறார். தடைசெய்த வார்த்தைகளின் பட்டியல் எதையும் அவர் தரவில்லை. ஜெபிக்கும் அதே நாவால், தேவனின் சாயலைச் சுமக்கும் மனிதரைச் சபிப்பது எப்படிப் பொருந்தும் என்பதே அவருடைய கேள்வி.

இது எங்களுக்குச் சாக்கு அல்ல. கால் இடறும்போது வாயில் வருவதும், ஒருவர் முகத்தில் எறிவதும் ஒன்றல்லதான். ஆனால் முதலாவதில் பழகிய நாக்கு, கோபம் வந்தால் இரண்டாவதற்கு எளிதாய்ப் போய்விடுகிறது. எங்களுக்கே அது நடந்திருக்கிறது.

ஆகவே எங்கள் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். பெரியவர்களே, உங்கள் 'சனியனை'யும் எங்களோடு சேர்ந்து விடுவீர்களா?