யார் கடனுக்கு எவர் மன்றம்?

கடன் கொடுத்தவன் தட்டினால் நீதிமன்றத்தின் கதவு திறக்கிறது. கடனைச் சுமப்பவன் தட்டினால் தாழ்ப்பாள் விழுகிறது. இதற்குப் பெயர் சட்டத்தின் ஆட்சியாம், தோழர்களே!

கரீபியக் கடலிலே போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு. 1898இல் ஸ்பெயினோடு போரிட்டு அமெரிக்கா பெற்ற மண். 1917 முதல் அம்மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். எனினும் அத்தீவிலே வாழும்வரை குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவர்களுக்கில்லை. குடிமகன் என்ற பட்டம் உண்டு. கோல் பிடிக்கும் உரிமை இல்லை!

தீவின் மின்வாரியம் வருவாய்ப் பத்திரங்களை விற்றுக் கடன் வாங்கிற்று. வருவாய்ப் பத்திரம் என்பது நாட்டையே அடகு வைப்பதன்று. மின்கட்டணமாக வருவதில் செலவு போக மிஞ்சுவதிலிருந்து தருவோம் என்ற உறுதிமொழி. வாங்கியவன் அறிந்தே வாங்கினான்.

கடன் கழுத்தை நெரித்தது. வாரியங்களின் கடனைச் சீரமைக்க 2014இல் தீவின் சட்டமன்றமே சட்டம் இயற்றிற்று. 2016 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதம் வாஷிங்டன் தன் சட்டத்தை நீட்டியது. பெயர் புரொமேசா. ஸ்பானிய மொழியில் ‘வாக்குறுதி’ என்று பொருள். வாக்குறுதி யாருக்கு?

எழுவர் கொண்ட கண்காணிப்புக் குழு அமைந்தது. நியமிப்பவர் குடியரசுத் தலைவர்; செலவு தீவின் தலையில்! கடன் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்கே உரியது. தீவின் சொந்த நீதிமன்றங்கள் வாயில்காப்போர் போல் வெளியே நிற்க வேண்டியதுதான். விசாரிக்கும் நீதிபதியையும் அமெரிக்கத் தலைமை நீதிபதியே குறித்தார்; வந்தவர் நியூயார்க் நீதிபதி. குழு சான்றளிக்கும் நிதித்திட்டத்தை எதிர்த்து வழக்கிடலாமா? அதை ஆராய எந்தக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்று 106ஆம் பிரிவிலே பூட்டுப் போட்டுவிட்டார்கள்!

பத்திரக்காரர் நிலை என்ன? 2023இல் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏறத்தாழ 239 கோடி டாலர் என மதிப்பிட்டது. அவர்கள் பாஸ்டன் மேல்முறையீட்டு மன்றம் சென்றனர். 2024இல் அது, நிகர வருவாயின்மீது அவர்களுக்குப் பற்றுரிமை உண்டு, ஏறத்தாழ 850 கோடி டாலருக்கும் கோரிக்கை நிற்கும் என்றது. மாமியார் உடைத்தால் மண்குடம். மருமகள் உடைத்தால் பொன்குடம்!

“வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமா?” என்று கேட்பர் கனவான்கள். கட்டட்டும்! ஒப்பந்தம் காக்கப்படட்டும்! ஆனால், ‘செலவு போக மிஞ்சுவது’ என்றார்களே, எது செலவு? சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவது செலவில்லையா? மருத்துவமனைக்கு மின்சாரம் தருவது செலவில்லையா? 2017இல் மரியா புயல் தீவையே இருளில் ஆழ்த்தியது. மின்சாரம் முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்த இருளில் குழந்தையை மடியில் கிடத்தி விடியலுக்காகக் காத்திருந்த தாய், இந்தக் கணக்கில் எந்தப் பக்கம்? வரவுப் பக்கம் மட்டும்தானா?

நீதிமன்ற அதிகார வரம்பு வழக்கறிஞரின் வறட்டுச் சொல்லன்று. எவன் குரல் ஏறும், எவன் குரல் எட்டாது என்று வரையும் கோடு அது. அக்கோட்டை வரைவதில் மக்களுக்குப் பங்கில்லையேல், தீர்ப்பு எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டாலும், அது ஆண்டானின் கணக்குப்புத்தகமே!

கடன் மக்களுடையதா? அப்படியானால் கேள்வி கேட்கும் உரிமையும் மக்களுடையதே!