முள் பொருத்துகிறவர்

மாலை சரியாக 6 மணிக்கு உங்கள் கைக்கடிகாரத்தை உற்றுப் பாருங்கள். பெரிய முள்ளும் சிறிய முள்ளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா, இல்லை, நடுவில் லேசாக மடங்கித் தெரிகின்றனவா? மடங்கித் தெரிந்தால் கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை. உள்ளிருக்கும் இயந்திரம் ஒரு விநாடிகூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். முள்ளைப் பொருத்திய கை பிசகியிருக்கிறது.

எவ்வளவு பிசகு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. ஆகவே 1 பாகை தப்பினால் 10 விநாடி தப்புகிறது. மணி முள்ளுக்கு ஒரு சுற்று என்பது 12 மணி நேரம். அங்கே 1 பாகை என்பது 2 நிமிடம். 13 மில்லிமீட்டர் நீளமுள்ள நிமிட முள்ளை எடுத்துக்கொண்டால், 1 பாகைப் பிசகு அதன் நுனியில் கால் மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் கண் அதைப் பிடித்துவிடுகிறது. என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், எதுவோ சரியில்லை என்று மனதுக்குப் பட்டுவிடும்.

விலை உயர்ந்த கடிகாரம் என்றால் நம் பேச்சு தங்கத்துக்கும் வைரத்துக்கும்தான் போகிறது. எனக்கு அதில் நாட்டமில்லை. டயலைச் சுற்றி வைரம் இழைத்தால் பார்க்கிறவர் கண் வைரத்தில் நிற்குமே தவிர நேரத்தில் நிற்காது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஒரு கடிகாரத்துக்கு அந்த விலையைக் கேட்கும் யோக்கியதை இருக்கிறதா என்று நான் பார்க்கும் இடம், டயலும் முள்ளும் சேரும் இடம். ஏனென்றால் உள்ளே செய்த அத்தனை வேலையும் அந்த வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான உறுப்புகள் சேர்ந்து காப்பாற்றிய துல்லியத்தை, கடைசியில் மூன்று முட்களைப் பொருத்துகிற ஒருவர் காப்பாற்றவும் முடியும், கெடுக்கவும் முடியும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது? கடிகாரத்தின் நடுவில் ஒரே மையத்தில் மூன்று தண்டுகள், ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும். வெளியே இருப்பது மணிக்கு, அடுத்தது நிமிடத்துக்கு, நட்டநடுவில் இருப்பது விநாடிக்கு. ஈட்டா என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் 2824 இயந்திரம் உலகெங்கும் பரவலாகப் புழங்குவது. அதற்கான முட்களின் துளைகள் முறையே 1.50, 0.90, 0.25 மில்லிமீட்டர். திருகு கிடையாது, பசை கிடையாது. துளை தண்டை இறுக்கிப் பிடிக்கும் பிடியில்தான் முள் நிற்கிறது. அழுத்தம் கூடினால் முள் கீழே இறங்கி டயலை உரசும். குறைந்தால், என்றோ ஒருநாள் மேசையில் கை இடித்த அதிர்ச்சியில் முள் கழன்று கண்ணாடிக்குள் கிடக்கும்.

தேதி காட்டும் கடிகாரமாக இருந்தால் வேலை இன்னும் நுணுக்கம். முதலில் முள் இல்லாமலே, கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள திருகைச் சுழற்றி, சின்னச் சாளரத்தில் தேதி மாறும் அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். அங்கேயே நிறுத்தி, மணி முள்ளை 12-இன் மேல் வைத்து அழுத்த வேண்டும். அடுத்து அதன் மேலேயே நிமிட முள். பிறகு ஒரு முழுச் சுற்று சுழற்றி, 3, 6, 9 என ஒவ்வொரு குறியிலும் இரண்டும் சொன்ன இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விநாடி முள். எல்லாம் முடிந்ததும் கடிகாரத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். மூன்று முட்களும் டயலுக்கும் தங்களுக்குள்ளும் இணையாக, சம இடைவெளியில் நிற்க வேண்டும். டயல் வளைவாக இருந்தால் நிமிட முள்ளின் நுனியையும் அந்த வளைவுக்கு ஏற்பக் கீழே தணிக்க வேண்டும். இவ்வளவையும் விரலில் உறை மாட்டிக்கொண்டு, கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு, சாமணத்தால் செய்ய வேண்டும். ஒரு தூசு உள்ளே விழுந்தாலும், கண்ணாடி மூடிய பிறகு அதை அப்புறப்படுத்த எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டும்.

இந்த வேலையை ஒரு கலையாகவே வளர்த்த இடங்களில் என் மனம் அதிகம் போய் நிற்பது ஜப்பானின் நாகானோ மாவட்டம். மலைகள் சூழ்ந்த சுவா ஏரிப் பகுதி ஒரு காலத்தில் பட்டு நூலுக்குப் பெயர் பெற்றது. 1942-இல் அங்கே மிசோ எனும் சோயாப் பசை வைத்திருந்த ஒரு பழைய கிடங்கைச் செப்பனிட்டு, கடிகார உறுப்புகள் செய்யும் சிறு பட்டறையை ஹிசாவோ யமசாகி தொடங்கினார். அந்த வழியில் வளர்ந்ததுதான் சுவா செய்கோஷா என்ற சீகோ குழும நிறுவனம். 1960-இல் முதல் கிராண்ட் சீகோ கடிகாரம் அங்கிருந்து வந்தது. இன்று அந்தப் பெயரில் வரும் குவார்ட்ஸ் கடிகாரங்களும், ஸ்பிரிங் டிரைவ் எனும் வகையும் பக்கத்தில் உள்ள ஷியோஜிரியில் உருவாகின்றன.

சீகோவில் 1959-இல் சேர்ந்த டாரோ டனாகா என்ற வடிவமைப்பாளரை இங்கே சொல்லியாக வேண்டும். டோக்கியோவின் கின்சாவில் உள்ள வாக்கோ அங்காடியின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்றபோது, பக்கத்தில் இருந்த ஸ்விஸ் கடிகாரங்கள் பளிச்சிடுவதையும் தங்கள் கடிகாரங்கள் மங்கித் தெரிவதையும் அவர் கவனித்தார். நேரம் காட்டுவதில் குறையில்லை. ஒளியைக் கையாள்வதில் குறை இருந்தது. அவர் வகுத்த விதிகள் சுருக்கமானவை: பரப்புகள் தட்டையாக இருக்க வேண்டும், கண்ணாடிபோல மெருகேற வேண்டும், அதில் விழும் பிம்பம் நெளியக் கூடாது. 1967-இல் வந்த 44ஜிஎஸ் என்ற கிராண்ட் சீகோ கடிகாரம் அந்த விதிகளின் முழு உருவம்.

இது வெறும் அழகுக்குச் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கடிகாரங்களில் பலவற்றின் முட்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு கிடையாது. மணிக் குறிகளும் முட்களும் வைர முனையுள்ள கருவியால் சீவப்பட்டு, விளிம்பு கூராக, பட்டை பட்டையாக நிற்கின்றன. மங்கலான அறையில் எங்கிருந்தோ வரும் சிறிதளவு வெளிச்சத்தை ஏதோ ஒரு பட்டை பிடித்துக் கண்ணுக்குத் திருப்பிவிடும். வெளிச்சம் இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்கப் பட்டை வேலை செய்யும். நம் ஊர்க் கல் மூக்குத்தி இருட்டான கூடத்திலும் மின்னுகிறதே, அதே சங்கதி. ஒவ்வொரு குறிக்கும் அடியில் நுண்ணிய கால்கள் உண்டு. டயலில் இட்ட துளைக்குள் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் இறக்குகிறார்கள். சாமணத்தின் முனை தவறிப் பட்டால் கீறல் விழும். கண்ணாடி மெருகில் கீறலை மறைக்க வழியே இல்லை. அந்தக் குறியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அங்கே செய்யும் டயல்களில் 'ஸ்னோஃபிளேக்' என்று அழைக்கப்படுவது எனக்கு மிகவும் பிடித்தது. சுற்றியுள்ள மலைகளில் காற்று வருடிய பனியின் மேற்பரப்பை அப்படியே டயலில் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வெள்ளையை வெள்ளைச் சாயம் பூசிக் கொண்டுவரவில்லை. சொரசொரப்பு ஏற்றிய தகட்டின் மேல் வெள்ளி முலாம் பூசி, அதிலிருந்தே வெண்மையை வரவழைத்திருக்கிறார்கள். சாயம் பூசியிருந்தால் அந்த நுண்ணிய மேடு பள்ளங்கள் அடைபட்டுப் போயிருக்கும். அந்த வெண்மையின் மேல் நீல நிறத்தில் ஒரே ஒரு விநாடி முள்.

அந்த நீலமும் சாயமில்லை. மெருகேற்றிய எஃகு முள்ளைச் சூடேற்றினால் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். படலம் தடிக்கத் தடிக்க ஒளி அதில் பட்டுத் திரும்பும் விதம் மாறி, நிறமும் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, சுமார் 300 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது அந்த ஆழ்ந்த நீலம். அங்கேயே எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் நீலம் வெளிறிச் சாம்பலாகிவிடும். சூடேற்றும்முன் விரல் பட்ட எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் திட்டு விழும். மெல்லிய நுனி முதலில் சூடேறும், தடித்த நடுப்பகுதி பின்னால்தான் வரும்; இரண்டையும் ஒரே நீலத்தில் கொண்டுவந்து நிறுத்துவது பழகிய கண்ணுக்குத்தான் கைகூடும்.

ஸ்பிரிங் டிரைவில் அந்த முள் டிக் டிக் என்று தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. சுருள்வில்தான் அதை ஓட்டுகிறது. ஆனால் வேகத்தை ஒரு சிறு குவார்ட்ஸ் மின்சுற்று, காந்தப் பிடியால் கட்டுப்படுத்துகிறது. யோஷிகாசு அகாஹானே 1977-இல் கண்ட யோசனை இது. 600-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்த பிறகு, 1999-இல்தான் விற்பனைக்கு வந்தது. அகாஹானே அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம், தாவும் முள்ளில் மறைந்துவிடும் குறை, வழுக்கும் முள்ளில் மறையாது. முள் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் சுற்றிவரும்போது டயலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைவது தெரிந்துவிடும்.

முள் இயந்திரத்துக்குப் பணிந்து போகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். 1993-இல் வந்த 9எஃப் என்ற குவார்ட்ஸ் இயந்திரத்தின் கதை இதற்கு நேர்மாறு. சாதாரண குவார்ட்ஸ் மோட்டாருக்கு வலு குறைவு. மெலிந்த, எடையற்ற முட்களைத்தான் அதனால் தள்ள முடியும். கிராண்ட் சீகோவின் அகன்ற, பட்டை சீவிய, கனமான முட்களுக்கு அது போதாது. முள்ளை இளைக்க வைக்க அவர்களுக்கு மனமில்லை. ஒவ்வொரு விநாடியும் அடுத்தடுத்து இரண்டு மின்துடிப்புகள் கொடுத்து முள்ளைத் தள்ளும்படி மோட்டாரையே மாற்றிவிட்டார்கள். பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தொளதொளப்பால் விநாடி முள் நடுங்குவதையும் ஒரு தனி அமைப்பு வைத்து நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 10 விநாடிக்கு மேல் பிசகாத இயந்திரம் அது. அந்தத் துல்லியம் ஒவ்வொரு கோட்டின் மேலும் சரியாக விழும் முள்ளாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற பிடிவாதம் இருக்கிறதே, அதற்காகத்தான் இவர்களை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

ஸ்விட்சர்லாந்தின் மரபு வேறு. அங்கே பிறந்த பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே நுனிக்குச் சற்று முன்னால் துளையிட்ட வட்டம் கொண்ட ஒல்லியான முட்களை அமைத்தார். டயலில் கடைசல் இயந்திரத்தால் நுண்கோடுகள் செதுக்கினார். அந்தக் கோடுகள் டயலின் பகுதிகளைப் பிரித்துக் காட்டின, கண் கூசுவதையும் குறைத்தன. ஸ்விட்சர்லாந்தில் எனாமல் டயல் செய்கிறவர்கள் கண்ணாடித் தூளைச் செப்புத் தகட்டில் தூவி, 800 டிகிரி அளவில் மீண்டும் மீண்டும் சுடுகிறார்கள். எந்தச் சூட்டிலும் விரிசல் விடலாம். விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவையும் பெரிய வேலைகள்தான். ஆனாலும் வெறும் தட்டையான பரப்பையும் கூரான விளிம்பையும் வைத்துக்கொண்டு ஒளியை ஆள்வதுதான் கடினம் என்பது என் கட்சி. அலங்காரம் சிறு பிழையைப் போர்த்திவிடும், வெறும் பரப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மலிவான கடிகாரங்களுக்கு முள் பொருத்தும் வேலையை இயந்திரங்கள் செய்கின்றன, குறைசொல்ல முடியாத அளவுக்கு வேகமாகவும் செய்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லோர் கையிலும் கடிகாரம் வந்தது அதனால்தான். நம் ஓசூரில் டைட்டன் 2002-இல் கொண்டுவந்த எட்ஜ் கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். அவ்வளவு மெலிந்த பெட்டிக்குள் டயலும் முட்களும் கண்ணாடியும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும் என்றால் எத்தனை நெருக்கடி என்று யோசித்துப் பாருங்கள். துல்லியம் நமக்கு எட்டாத ஊர்ச் சரக்கு ஒன்றும் இல்லை.

என் அப்பாவிடம் ஒரு எச்எம்டி இருந்தது, சாவி கொடுக்கிற வகை. எச்எம்டியின் கடிகாரத் தொழிலே 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கியதுதான். அப்பாவுக்குப் பிறகு அதை ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தேன். ஓடியது, ஆனால் டயலின் நடுத்துளையை ஒட்டி நகக்குறி போல ஒரு கீறல். வேறொரு தெருவில் வயதான ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தவர், "இது எப்படி விழுந்ததுன்னு தெரியுதா தம்பி? முள்ளை நெம்பும்போது அடியில ஒண்ணும் வைக்கல" என்றார். மெல்லிய பாலிதீன் துண்டு ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு வெட்டுப் போட்டு, அதை முட்களுக்கு அடியில் நுழைத்துக் காட்டினார். நெம்புகோல் எது பட்டாலும் அந்தப் பாலிதீனில்தான் படும். "முள்ளு கழட்டும்போதே மறுபடி மாட்டுறத நினைக்கணும்" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது எல்லா விலைக் கடிகாரத்துக்கும் பொருந்தும். எந்த இயந்திரக் கடிகாரமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யப்பட வேண்டியது. ஒவ்வொரு முறையும் முட்கள் கழற்றப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் துளையின் பிடி கொஞ்சம் தளர்கிறது. முதலில் பொருத்தியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பின்னால் வருகிற ஒவ்வொருவரும் அதே கவனத்தோடு இருந்தால்தான் அந்த வேலை நிற்கும். அதனால் விலை கொடுத்து வாங்கிய கடிகாரத்தைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்முன் கூச்சப்படாமல் கேளுங்கள்: முள்ளை எடுக்கும்போது டயலுக்குப் பாதுகாப்பு வைப்பீர்களா? திரும்ப வாங்கும்போது கடையின் குழல்விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயிலில் பிடியுங்கள். நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள், பக்கவாட்டில் பாருங்கள், தேதி நள்ளிரவில்தான் மாறுகிறதா என்று திருகைச் சுழற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால், உள்ளே உட்கார்ந்து அதைச் செய்தவரை வெளியே கூப்பிட்டு அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.